வெள்ளை வேட்டி வெள்ளையே இல்லை! டிஜிட்டல் துணிக்கு உயிர் கொடுக்கும் நிழலும் பளபளப்பும்

முகூர்த்த நாள் மாலையில் வானகரம் வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? மண்டபத்துக்கு மண்டபம் சீரியல் லைட் மின்னும். ரிசப்ஷன் வரிசையில் நிற்கும் பெண்களின் பட்டுப்புடவைகளில், வீடியோகிராபரின் விளக்கு திரும்பும்போதெல்லாம் ஒரு வெளிச்சக் கோடு தோளிலிருந்து இடுப்பு வரை வழுக்கிக்கொண்டு போகும். அதே மண்டபத்தில் கடைசி வரிசை நாற்காலியில் ஒரு வாண்டு மொபைலில் கேம் ஆடிக்கொண்டிருப்பான். அவன் திரையில் இருக்கும் ராஜாவும் பட்டுதான் உடுத்தியிருக்கிறார். ஆனால், பார்த்தால் ரெயின்கோட் மாதிரி இருக்கும்!

நிறம் சரி, பார்டர் சரி, டிசைனும் சரி. பிறகு எங்கே கோட்டை விடுகிறார்கள்? நிழலிலும் பளபளப்பிலும்தான். கிராபிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் 'ஷேடிங்', 'ஹைலைட்' என்று சொல்லும் சமாசாரம் இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேஷன், கேமிங், வி.எஃப்.எக்ஸ் என்று கிளம்பும் பிள்ளைகளுக்கு இது வேலை சம்பந்தப்பட்ட விஷயம். மொபைலில் படம் பார்த்துப் புடவை வாங்கும் நமக்கோ பணம் சம்பந்தப்பட்ட விஷயம். அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மீன் பளபளப்பு வேறு, பட்டுப் பளபளப்பு வேறு

பருத்தி இழையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முறுக்கிவிட்ட ரிப்பன் மாதிரி இருக்கும். அதன்மேல் விழும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப் போகும். அதனால்தான் காட்டன் துணியில் வெளிச்சம் அகலமாக, மங்கலாகப் படர்கிறது. பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். கண்ணாடிப் பட்டகம் போல ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். எனவே அதில் பளபளப்பு ஒடுக்கமாக, பளிச்சென்று, மடிப்பின் முதுகில் மட்டும் ஓடும்.

புதிதாக வரைகிறவர்கள் எல்லாத் துணிக்கும் ஒரே வெள்ளைப் புள்ளியை வைத்துவிடுகிறார்கள். வானகரம் மீன் மார்க்கெட்டில் கூடையில் கிடக்கும் மீனைப் பாருங்கள். மேலே தண்ணீர்ப் படலம் இருப்பதால் சின்னச் சின்னதாக, விளிம்பு கூர்மையான வெள்ளைப் பொட்டுகள் தெரியும். நம் மூளைக்கு அந்தப் பொட்டு என்றால் 'ஈரம்' என்று அர்த்தம். அதையே புடவைமேல் வைத்தால் புடவை நனைந்த மாதிரியோ பிளாஸ்டிக் மாதிரியோதான் தெரியும்.

சரிகைக்கு இன்னொரு கணக்கு. அசல் சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி இழை, அதன்மேல் தங்க முலாம். உலோகம் தன் நிறத்தையும் சேர்த்தே ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆக, சரிகையின் மிகப் பிரகாசமான இடம்கூட வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டுமே தவிர சுத்த வெள்ளையாக இருக்கக் கூடாது. பக்கத்திலேயே இருக்கும் இருண்ட இடமோ எதிர்பார்ப்பதைவிட அதிகம் இருண்டிருக்கும். அந்தப் பழுப்பைத் தைரியமாக வைக்காதவர்களின் தங்கம், மஞ்சள் பெயின்ட்டாகவே நின்றுவிடும்.

மொட்டைமாடிப் பரிசோதனை

வீட்டில் வெள்ளை வேட்டி இருக்கிறதா? துவைத்து மாடிக் கொடியில் போட்டுவிட்டு, காலை 9 மணி வெயிலில் ஒரு போட்டோ எடுங்கள். ஏதாவது ஒரு டிராயிங் ஆப்பில் அதைத் திறந்து, நிறத்தை உறிஞ்சி எடுக்கும் 'ஐ டிராப்பர்' கருவியால் மடிப்புக்கு மடிப்பு தொட்டுப் பாருங்கள். வெயில் நேரே படும் இடத்தில் லேசான மஞ்சள். நிழலில் வானத்தின் நீலம். தரையில் சிவப்பு ஓடு பதித்திருந்தால் கீழ்ப்பக்க மடிப்புகளில் ஒரு செம்மை. 'சுத்த வெள்ளை' என்று நாம் நம்பியது விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கும்!

நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதே என்று ஓவிய ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான். மஞ்சள் பாவாடையின் நிழலில் கறுப்பைக் கலந்தால் பாசி படிந்த பச்சை வரும், துவைக்காத துணி மாதிரி. அங்கே காவியை நோக்கிப் போக வேண்டும். அரக்குக்கு நிழல் கரும் ஊதா பக்கம்.

செய்முறையில் பெரிய ரகசியம் எதுவுமில்லை. கம்ப்யூட்டரில் கிரிட்டா, மொபைலில் ஐபிஸ் பெயின்ட் என்று காசில்லாமல் ஆரம்பிக்கவே கருவிகள் இருக்கின்றன. அடி லேயரில் துணியின் நிறமும் டிசைனும். அதன்மேல் 'மல்டிப்ளை' என்ற முறையில் ஒரு நிழல் லேயர். அதற்கும் மேலே 'ஸ்கிரீன்' அல்லது 'ஓவர்லே' முறையில் வெளிச்ச லேயர். தனித்தனியாக இருந்தால், தப்பானதை மட்டும் அழித்துக்கொள்ளலாம். ஆனால் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? இதை முடிவு செய்யாமல் ஓரமெல்லாம் கறுப்பாக்கி, நடுவில் வெளுப்பாக்கிவிடும் பழக்கத்துக்கு 'தலையணை ஷேடிங்' என்று பெயர். காரணப் பெயர்தான். சட்டை, பஞ்சு அடைத்த தலையணை போல உப்பி நிற்கும்.

அடுத்தது விளிம்பு. புடவைக் கொசுவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகிய இடத்தில் மடிப்புகள் எல்லாம் நெருங்கி நிற்பதால் அங்கேதான் இருட்டு அதிகம். கீழே விசிறி போல விரிய விரிய நிழல் இளகும். ஒரு மடிப்பு இன்னொன்றின்மேல் விழும் இடத்தில் நிழலின் ஓரம் கத்தி போல இருக்கும். துணி மெதுவாக வளையும் இடத்தில் ஓரமே தெரியாமல் கரையும். இரண்டையும் ஒரே மெத்தென்ற பிரஷ்ஷால் வரைந்தால் கொசுவம் குழாயாகிவிடும். சட்டை என்றால் இழுபடும் இடங்களைத் தேடுங்கள். தோள், முழங்கை, இடுப்பு. சுருக்கங்கள் அங்கேயிருந்துதான் கிளம்புகின்றன.

சிறுவர்கள் கொண்டாடும் ரோப்லாக்ஸில் ஒரு சட்டைக்கான படம் மொத்தமே 585-க்கு 559 பிக்ஸல்தான். அதில் மார்புப் பகுதிக்குக் கிடைப்பது 128-க்கு 128. உள்ளங்கை அளவுகூட இல்லாத இடத்தில் துணியின் தன்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நிழலை விட்டால் வேறு வழி கிடையாது. ஆரம்பிப்பவர்களுக்கு இது நல்ல பள்ளிக்கூடம். அடுத்தவர் போட்ட நிழலை அப்படியே நகலெடுத்து ஒட்டாத வரை!

கோச்சடையானும் ஜெரி தாத்தாவும்

துணி சினிமாக்காரர்களையே திணறடித்த விஷயம். பிக்ஸார் நிறுவனம் 1997-ல் எடுத்த 'ஜெரி'ஸ் கேம்' குறும்படத்தில், தனியாக உட்கார்ந்து செஸ் ஆடும் தாத்தாவின் கோட்டு சுருங்கி விரிவதற்கே தனியாக ஆராய்ச்சி நடந்தது. 2001-ல் 'மான்ஸ்டர்ஸ் இன்க்' படத்துச் சிறுமியின் தொளதொள டி-ஷர்ட் அடுத்த படி. 2012-ல் 'ரெக்-இட் ரால்ஃப்' படத்துக்காக டிஸ்னி உருவாக்கிய ஒளிக் கணக்கு முறையில், துணியின் ஓரத்தில் தெரியும் மெல்லிய மினுக்கத்துக்கென்றே 'ஷீன்' என்று ஓர் அளவுகோல் சேர்க்கப்பட்டது.

நம் ஊர் உதாரணம், 2014 மே மாதம் வெளியான 'கோச்சடையான்'. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில், நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து உருவாக்கிய படம். ஆடைகளை வடிவமைத்தவர் நீத்தா லுல்லா. படம் வந்தபோது 'பொம்மை மாதிரி இருக்கு' என்று பலரும் முகத்தைத்தான் குறை சொன்னார்கள். எனக்கென்னவோ, பாதிக் குற்றம் துணியினுடையது என்று தோன்றுகிறது. பட்டுக்கும் தோலுக்கும் ஒளி ஒரே மாதிரி வழுக்கினால், உள்ளே இருப்பவர் ரஜினியே ஆனாலும் கண் நம்பாது. ஆனால் ஒன்று. ஹாலிவுட் பட்ஜெட்டில் ஒரு சின்னப் பங்கை வைத்துக்கொண்டு அந்த முயற்சியை எடுத்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அதற்குப் பிறகு கேம் மென்பொருள்கள் வெகுதூரம் வந்துவிட்டன. இப்போது துணியின் நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம், உலோகத்தன்மை ஆகியவற்றைத் தனித்தனிப் படமாகக் கொடுத்தால் போதும்; வெளிச்சத்தை இன்ஜினே கணக்குப் போட்டுக்கொள்ளும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய பழக்கத்தில் நிறப் படத்திலேயே நிழலைத் தீட்டிக் கொடுத்தால், இன்ஜின் போடும் நிழலும் சேர்ந்து இரட்டை நிழலாகிவிடும். கதாநாயகி விளக்கைச் சுற்றி வந்தாலும், தீட்டிய நிழல் மட்டும் ஒட்டிய மாதிரி அதே இடத்தில் நிற்கும். எந்த வேலைக்கு எது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொரசொரப்பை எண்ணில் சொல்லிவிடலாம். ஆனால், புடவையை? துணி தைக்கும் மென்பொருளான மார்வலஸ் டிசைனர், டெய்லர் போலத் துண்டு துண்டாக வெட்டி இணைக்கும் முறையில் அமைந்தது. தையலே இல்லாத ஐந்தரை மீட்டர் துணியை உடம்பில் சுற்றி, செருகி, தோளில் போடுவதை அதற்குக் கற்றுக்கொடுக்கத் தனிப் பொறுமை வேண்டும். புடவை கட்டத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் பாதி வேலை முடியும். அம்மாக்கள் கவனிக்க!

எல்லாவற்றுக்கும் நிஜம் போன்ற நிழல் வேண்டும் என்பதும் இல்லை. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. கதைப்புத்தகம் போன்ற எளிய ஓவியங்கள்தான். அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதே கிடைத்தது. ஆனால் நிஜம் போல வரைவேன் என்று இறங்கிவிட்டால் அரைகுறை கூடாது. அதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு வாத்தியார் இருந்தார், ஓவியர் எஸ்.இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக்காரர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் சாதாரணக் காட்டன் சேலையில் எப்படி இறங்குகிறது என்பதை அவர் ஓவியங்களில் பெரிதாக்கிப் பாருங்கள். டிஜிட்டல் ஆட்கள் தேடும் பதில்கள் அத்தனையும் அங்கே தூரிகையில் இருக்கின்றன.

உங்கள் பர்ஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது பல ஆன்லைன் புடவைக் கடைகளில் போட்டோவில் இருப்பது நிஜ மாடலே இல்லை, ஏ.ஐ உருவாக்கிய பெண். புடவையின் மடிப்பு, நிழல், பளபளப்பு எல்லாமே கணினி போட்டது. செயற்கை இழைப் புடவைக்குக் காஞ்சிப் பட்டின் பளபளப்பை ஏற்றிவிடுவது ஒரு நிமிட வேலை. இவ்வளவு நேரம் படித்த உங்களுக்கு அதைப் பிடிக்கத் தெரியும். பெரிதாக்கிப் பாருங்கள். சரிகையின் பிரகாசம் சுத்த வெள்ளையாக இருக்கிறதா? மடிப்புக்குள் போகும் பார்டர் டிசைன் மறுபக்கம் சரியாக வெளியே வருகிறதா, இல்லை நடுவில் கரைந்துபோகிறதா? முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம் விழும்போது முந்தானையில் வலப்பக்கம் மினுங்குகிறதா?

இன்னும் சந்தேகமாக இருந்தால் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைக் கேளுங்கள். அதில் பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். துணி திரும்பும்போது நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். ஒற்றைப் போட்டோவில் இது தெரியாது. 'வாசல் வெளிச்சத்தில் புடவையை அசைத்து, பத்து விநாடி வீடியோ எடுத்து அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் கடைக்காரரைக் கேளுங்கள். அசல் சரக்கு வைத்திருப்பவர் உடனே அனுப்பிவிடுவார்.