காலடியில் உறங்கி விழிக்கும் உயிர்

குழாயடி ஓரம், கொய்யா மரத்து நிழல், துளசி மாடத்தின் அடிச்சுவர் என்று ஈரம் கசிகிற இடம் எதுவானாலும் புளியாரை அங்கே வந்து படர்ந்துவிடுகிறது. விதைத்தவர் யாருமில்லை, நீர் வார்த்தவரும் இல்லை. நாமோ அதை மிதித்தபடியே நடந்து, படைப்பின் பெருமையைத் தேடி அண்ணாந்து வானம் பார்க்கிறோம்.

கொஞ்ச நேரம் அதனருகே குனிந்து உட்கார்ந்தால் போதும். நூலிழை போன்ற தண்டு மண்ணை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது. மண் பட்ட கணுக்களில் எல்லாம் வேர் இறக்குகிறது. காம்பின் நுனியில் இதய வடிவில் மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் மடித்து வைத்தாற்போல் ஒரு கோடு. பொழுது சாய்ந்ததும் மூன்றும் அந்தக் கோட்டில் மடிந்து, தலைகவிழ்ந்து தொங்குகின்றன. விடிந்ததும் மீண்டும் விரிகின்றன. தசையில்லை, நரம்பில்லை. இலையடியில் இருக்கும் மிகச் சிறிய முட்டில் ஒரு பக்கத்துச் செல்கள் நீரை இழக்க, மறுபக்கத்துச் செல்கள் நீரேற்றுப் புடைக்க, அந்த ஏற்ற இறக்கமே இலைக்கு உறக்கமும் விழிப்பும் ஆகிறது.

இந்தக் குடும்பத்துச் செடிகளின் உறக்கத்தைச் சார்லஸ் டார்வினும் வியந்து ஆராய்ந்தார். இலைகளை மடியவிடாமல் ஊசியால் விரித்து வைத்து, குளிர்ந்த இரவில் திறந்த வானத்தின்கீழ் விட்டுப் பார்த்தார். மடிந்து உறங்கிய இலைகளைவிட விரிந்திருந்தவையே பனியில் அதிகம் கருகின. தாவரங்களின் அசைவைப் பற்றி 1880இல் அவர் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். ஓய்வும் ஒரு காப்பு என்பதைக் கண் மூடாமல் உழைக்கும் நாம் இந்தச் சிறு இலையிடம்தான் கற்க வேண்டியிருக்கிறது.

வெயில் ஏறுகையில் மஞ்சள் பூ திறக்கிறது. ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். அவற்றிலும் ஐந்து நெட்டை, ஐந்து குட்டை. விரல் நகத்தளவு பூவுக்குள் இத்தனை ஒழுங்கு! ஆனால் உண்மையான அற்புதம் பூ உதிர்ந்த பிறகே தொடங்குகிறது. குட்டி வெண்டைக்காய் போல ஐந்து பட்டைகளோடு காய் எழுகிறது. அதன் காம்பு கீழ்நோக்கி வளைய, காய் மட்டும் நிமிர்ந்தே நிற்கிறது. உள்ளே ஒவ்வொரு விதையையும் கண்ணாடி போன்றதொரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. காய் முற்ற முற்ற அந்த உறைக்குள் விசை ஏறிக்கொண்டே போகிறது. முற்றிய காயை நுனிவிரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: உறை சட்டென்று உள்வெளியாகப் புரள, பட்டையின் கீறல் வழியே விதை தெறித்துப் பறக்கும். எறிந்த கைக்கும் எட்டாமல் பல அடி தள்ளிப் போய் விழும். நகர முடியாத தாய், தன் பிள்ளைகள் நகர்வதற்கென்று செய்துவைத்த ஏற்பாடு இது.

புளியாரை இலையின் புளிப்பு ஆக்சாலிக் அமிலத்தின் புளிப்பு. அதே இலை நமக்குத் துவையலாகிறது, பித்தளைப் பாத்திரத்தையும் துலக்கித் தருகிறது. புல்வெளியில் தாழப் பறக்கும் ஒரு வெளிர்நீலப் பட்டாம்பூச்சிக்கோ அதுவே தொட்டில். இலையில் முட்டையிட்டுவிட்டு அது போய்விடும். பொரிந்து வரும் பச்சைப் புழு அந்த இலையைத் தின்றே வளரும். அடுத்தமுறை தோட்டத்தில் களை எடுக்கும்போது, மற்ற செடிகளுக்கு இடைஞ்சலில்லாத மூலையில் ஒரு பிடி புளியாரையை விட்டுவைப்போம்.