சவரக்கத்தியால் முகச்சவரம்: புதிதாகக் கற்பவருக்கு

சவரக்கத்தி என்பது கைப்பிடிக்குள் மடங்கும் ஒற்றை எஃகு அலகைக் கொண்ட மழிகருவி. இதில் கழற்றி மாற்றும் பிளேடு கிடையாது. கூர் மழுங்கினால் அந்த அலகையே தோல்வாரிலும் சாணைக்கல்லிலும் தீட்டிக்கொள்ள வேண்டும். ஒழுங்காகப் பேணினால் ஒரே கத்தி ஒருவரின் ஆயுள் முழுவதும் உழைக்கும். அலட்சியம் காட்டினால் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துப் போகும்.

இன்று தமிழ்நாட்டு முடிதிருத்தகங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கத்தி அல்ல. அங்கே இருப்பது சவரக்கத்தியின் வடிவில் அமைந்த ஒரு பிடி மட்டுமே. இருபக்கக் கூருள்ள பிளேடை இரண்டாக உடைத்து, பாதியை அதில் செருகிச் சவரம் செய்துவிட்டு எறிந்துவிடுகிறார்கள். ஒருவர் இரத்தம் மற்றவர் உடலில் கலப்பதால் வரும் தொற்றுகளைத் தடுக்க இதுவே சரியான முறை. ஆனால் கற்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. பாதி பிளேடு மெல்லியது, எடையற்றது, கோணம் சிறிது பிசகினாலும் தோலைக் கீறிவிடும். உண்மையான சவரக்கத்திக்குத் தன் எடை உண்டு, முதுகு உண்டு. அது சற்றே மன்னிக்கும் குணம் கொண்டது. விலை குறைவு என்பதற்காகப் பிளேடு செருகும் பிடியில் பழகிவிட்டுப் பிறகு கத்திக்கு மாறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடினமான வழி என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பின்னணி

ஆண்கள் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்வது ஐரோப்பாவில் பரவலானது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அது பெரும்பாலும் நாவிதர் கையில் இருந்த தொழில். 1740களில் இங்கிலாந்தின் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் என்ற கடிகாரக் கலைஞர், எஃகை மூசையில் உருக்கி வார்க்கும் முறையை உருவாக்கினார். சீரான, கடினமான அந்த எஃகு ஷெஃபீல்டு நகரின் கத்தித் தொழிலை மேலும் வலுப்படுத்தியது. 1769இல் பாரிசைச் சேர்ந்த கத்தி வினைஞர் ஜான் ஜாக் பெரே, தனக்குத் தானே சவரம் செய்யக் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். எழுதிக் கற்பிக்க வேண்டிய அளவுக்கு அது அப்போதே ஒரு கலையாக இருந்திருக்கிறது. பின்னர் ஜெர்மனியின் சோலிங்கன் முன்னுக்கு வந்தது. அந்நகரின் பெயரைக் கத்திகளில் பொறிக்க 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு.

1903இல் விற்பனைக்கு வந்த ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக்கருவி சவரக்கத்தியின் இடத்தைப் பிடித்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அது வழங்கப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் பழைய கத்தியைத் தேடவில்லை.

கத்தியின் உறுப்புகள்

அலகின் தடித்த மேற்புறம் முதுகு, மெலிந்த கீழ்ப்புறம் கூர்விளிம்பு. அலகுக்கும் பிடிக்கும் இடைப்பட்ட பகுதி கழுத்து. அதற்கும் பின்னே வளைந்து நீளும் துண்டு வால். அலகின் இரு பக்கங்களும் உட்குழிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். ஆழமாகக் குழித்த அலகு முகத்தில் ஓடும்போது மயிர் அறுபடும் ஓசை நன்றாகக் கேட்கும். கோணம் சரியா என்று காதாலேயே அறியலாம் என்பதால் இது கற்பவருக்கு நல்ல துணை.

முதுகு கைக்கு வலுத் தருவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. சாணைக்கல்லில் தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிகின்றன. ஆகவே கூரின் கோணம் கத்தியின் வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது. சமையலறைக் கத்தியைப்போல அதைக் கையால் கணிக்க வேண்டியதில்லை.

முதல் கத்திக்கு அலகின் அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் இருந்தால் போதும். இதைவிட அகலமானது மூக்கின் கீழே இடறும். நுனி உருண்டதாக இருக்கட்டும். சதுர நுனி பார்க்க அழகுதான், ஆனால் காதுமடல் அதற்கு விலை கொடுக்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது சவரத்துக்கு ஆயத்தமாகத் தீட்டப்பட்டதா? தொழிற்சாலையிலிருந்து வரும் கூர் பல வேளைகளில் முகத்துக்குப் போதாது. கற்கத் தொடங்கிக் கைவிடுபவர்களில் பலர் தம் கையைக் குறை சொல்கிறார்கள், உண்மையில் குறை மழுங்கிய கத்தியில் இருக்கும். மழுங்கிய கத்தி மயிரை அறுக்காமல் இழுக்கும். இழுத்தால் கை தானாகவே அழுத்தும். அழுத்தினால் தோல் அறுபடும். மலிவு விலையில், பளபளக்கும் அலகுடன் வரும் அலங்காரக் கத்திகள் சிலவற்றின் எஃகு எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏற்காது. அந்தப் பணத்தில் பழைய நல்ல கத்தி ஒன்றை வாங்கி, தெரிந்தவரிடம் தீட்டக் கொடுப்பது மேல். பழைய கத்தியில் துரு கூர்விளிம்பை எட்டியிருக்கக் கூடாது. பிடி செல்லுலாய்டால் ஆனதென்றால் அதையும் பார்த்து வாங்க வேண்டும். சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு வெளிவிடும் அமில ஆவி, அலகை அரித்துவிடும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் சவரக்கத்தியைக் கொடுக்கவே கூடாது. அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஏற்ற அந்தச் சுழல்கல்லின் சூடு, மெல்லிய அலகின் பதத்தை நொடியில் கெடுத்துவிடும்.

தோல்வாரில் தீட்டுதல்

சவரத்தைவிட இதைத்தான் முதலில் கற்க வேண்டும். மயிர் எஃகைவிடப் பன்மடங்கு மென்மையானது. ஆயினும் அது பிளேடைக் கெடுக்கிறது. அது எப்படி என்பதை 2020இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் காட்டினார்கள். மயிர் வளைந்து, விளிம்பில் ஏற்கெனவே பலவீனமான இடத்தில் படும்போது, எஃகிலிருந்து நுண்ணிய சில்லு பெயர்கிறது. அன்றாடச் சவரம் விளிம்பைச் சிறிது சிறிதாகச் சீர்குலைக்கிறது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல்வாரில் தீட்டுவது அந்த விளிம்பை மீண்டும் நேராக்கி, வழவழப்பாக்குகிறது.

வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடக்கையால் தொய்வின்றி இழுத்துப் பிடிக்க வேண்டும். கத்தியைப் படுக்கையாக வைத்து, முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே தொடர, தள்ள வேண்டும். முனையை எட்டியதும் நிறுத்தி, முதுகு தோலைவிட்டு அகலாமல் அதன்மேலேயே கத்தியைப் புரட்டி, திரும்ப இழுக்க வேண்டும். 40 முதல் 60 முறை போய்வந்தால் போதும். அழுத்தம் தேவையில்லை. வார் தொய்ந்தாலோ, கத்தியை அழுத்தினாலோ விளிம்பு உருண்டுவிடும், தீட்டத் தீட்டக் கூர் குறையும்.

கற்பவர் எல்லாரும் வாரை ஓரிரு இடங்களில் வெட்டிவிடுவார்கள். கத்தி நிற்பதற்கு முன்பே புரட்டுவதுதான் காரணம். முடிதிருத்தகத்தில் பார்த்த வேகம் மனதில் இருக்கும். அந்த வேகத்தால் கூர் ஏறுவதில்லை, அது வெறும் பழக்கத்தில் வருவது. முதல் வார் மலிவானதாக இருப்பதே புத்திசாலித்தனம்.

சாணைக்கல்லில் தீட்டும் தேவை சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். நேர்த்தியான இறுதிக் கூருக்குப் பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிற இயற்கைக் கல்லைப் பலர் விரும்புகிறார்கள். ஒரே வேளையில் சவரம், வார், கல் மூன்றையும் கற்க முயன்றால், தவறு எங்கே நேர்கிறது என்றே தெரியாமல் போகும். முதலாண்டில் கல் வேலையைப் பிறரிடம் விட்டுவிடலாம்.

முதல் சவரம்

நேரம் நிறைய இருக்கும் நாளாகப் பார்க்க வேண்டும். தேர்வு நாளிலோ, பெண் பார்க்கப் போகும் நாளிலோ தொடங்க வேண்டாம். குளித்த உடனே சவரம் செய்வது நல்லது. நீரை உறிஞ்சிய மயிர் ஊறி மென்மையாகிறது, அறுக்கக் குறைந்த விசை போதும். முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வெந்நீர் படட்டும். சவரச் சோப்பைப் பிரஷால் குழைத்து, தயிர்போலக் கெட்டியும் ஈரமும் உள்ள நுரையாக்கிப் பூச வேண்டும். குப்பியிலிருந்து பீய்ச்சும் நுரையில் காற்றே அதிகம், வழுக்கல் குறைவு.

நடுமூன்று விரல்கள் கழுத்தின் மேற்புறத்தில், சுண்டுவிரல் வாலில், கட்டைவிரல் கழுத்தின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும். அலகைக் கன்னத்தில் படுக்கையாகக் கிடத்தி, பிறகு முதுகை மெல்ல உயர்த்த வேண்டும். தோலுக்கும் அலகுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகை. முதுகின் தடிப்பைப்போல இரு மடங்கு இடைவெளி என்று கண்ணால் கொள்ளலாம். கோணம் மிகக் குறைந்தால் மயிர் இழுபடும், மிகக் கூடினால் தோல் சீவப்படும்.

முதல் வாரம் கன்னங்கள் மட்டும். மீதியை வழக்கமான சவரக்கருவியால் முடித்துக்கொள்வதில் வெட்கம் ஏதுமில்லை. வலக்கைப் பழக்கமுள்ளவர் வலக்கன்னத்தில் தொடங்க வேண்டும். இடக்கையைத் தலைக்குமேல் கொண்டுவந்து, காதருகே தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். பாதி வேலை இந்த இழுப்பில்தான் இருக்கிறது. தளர்ந்த தோல் கத்தியின் முன்னே மடிந்து ஏறும், மடிந்த தோல் வெட்டுப்படும். பிறகு மயிர் வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமான சிறு வீச்சுகள். கத்தியின் எடையே போதும். விளிம்பு ஒருபோதும் பக்கவாட்டில் நகரக் கூடாது. முகத்தில் விழும் ஆழமான வெட்டுகளில் பெரும்பாலானவை, மீன் நறுக்குவதைப்போலக் கத்தி விளிம்பின் நீளவாட்டில் வழுக்குவதால் வருபவை.

இடக்கன்னத்துக்குக் கத்தியை இடக்கைக்கு மாற்றுவது மரபு. முதலில் அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் வலக்கையை முகத்தின் குறுக்கே நீட்டினால் அதுவே கண்ணாடியை மறைக்கும். மாற முடியாதவர் வலக்கையாலேயே செய்யலாம், மெதுவாக.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கழுத்தும் தாடை விளிம்பும். கழுத்தில் மயிர் பல திசைகளில் வளரும். இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரலால் தடவி, எந்தப் பக்கம் வழவழக்கிறது, எந்தப் பக்கம் குத்துகிறது என்று முன்பே அறிந்துகொள்ள வேண்டும். குரல்வளை மேட்டின் மீது நேராகக் கத்தியை ஓட்டாமல், எச்சில் விழுங்கியபடியோ தோலைப் பக்கமாக இழுத்தோ, தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து மழிக்கலாம். மேலுதடும் மோவாயும் கடைசிப் பாடம். அங்கே மயிர் அடர்த்தி, பரப்போ வளைவு.

எதிர்த்திசையில் மழித்தால் முகம் இன்னும் வழவழப்பாகும் என்பது உண்மை. ஆனால் சுருள்மயிர் உள்ளவர்களுக்கு அவ்வாறு ஒட்ட அறுத்த நுனி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து, கொப்புளமாகும். அவர்கள் மயிரின் திசையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

காயமும் எச்சரிக்கையும்

சிறு கீறலுக்குக் குளிர்ந்த நீரும் படிகாரக் கல்லும் போதும். படிகாரம் சவரம் முடிந்த முகத்தில் எங்கே எரிகிறதோ, அங்கே கத்தி அழுத்தியிருக்கிறது என்று பொருள். அடுத்த நாளுக்கு அது நல்ல பாடம். சற்று ஆழமான வெட்டைச் சுத்தமான துணியால் விடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைவு கலைந்துவிடும். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், கை நடுக்கம் உள்ளவர்களும், முகப்பரு மிகுந்த பருவத்தில் இருப்பவர்களும் இந்தக் கத்தியைத் தவிர்க்க வேண்டும்.

கத்தி கைநழுவினால் பிடிக்க முயலக் கூடாது, விழட்டும். உடைந்த கத்திக்கு வேறு கத்தி வாங்கலாம். யாராவது கதவைத் தட்டினால் கத்தியை மடித்துவைத்த பிறகே திரும்ப வேண்டும். கூரைப் பார்க்கக் கட்டைவிரலை விளிம்பில் ஓட்டுவதும் வேண்டாம். தனி மயிரிழை ஒன்றைப் பிடித்து விளிம்பில் தொட்டால் அறுபடுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஒருவர் கத்தியை இன்னொருவர், தந்தையும் மகனுமே ஆனாலும், பகிரக் கூடாது. ஹெப்படைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தொற்றும் வலுவோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே அதற்குப் போதும்.

பேணுதல்

சவரம் முடிந்ததும் அலகைக் கழுவி, முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, பிடியின் இடுக்கையும் உலர்த்த வேண்டும். கரி மிகுந்த எஃகு என்பதால் நீர்த்துளி ஒரே இரவில் கறையாகும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி தடவிவைப்பது வழக்கமாகட்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். கத்தியைக் குளியலறையில் வைக்காமல், காற்றோட்டமான, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். விமானப் பயணத்தில் கைப்பையில் இதற்கு இடமில்லை, சோதனையில் பறிமுதல் செய்துவிடுவார்கள். பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், அல்லது அந்த வாரத்துக்குச் சாதாரணச் சவரக்கருவியை எடுத்துச் செல்ல வேண்டும்.