எரிந்த பவிலியன்: கொழும்பு ஓவலின் கதை

எங்கள் வீரமுனையில் வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வயல்தான் மைதானம். வரம்போரத்து மர நிழல்தான் வீரர்கள் இருக்கும் இடம். பவிலியன் என்று ஒன்றை நாங்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். ஆனால் தமிழர் பெயர் தாங்கிய கழகம் ஒன்றின் பவிலியன் கொழும்பில் எரிக்கப்பட்டு மறுபடியும் எழுந்த கதை நமக்குத் தூரமானதல்ல.

பவிலியன் என்ற சொல்லின் வேர், வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல். சிறகு விரித்ததுபோல் நிற்கும் கூடாரத்துக்கே முதலில் அந்தப் பெயர். பின்னர் அது மைதானக் கட்டடமாயிற்று. உடைமாற்றும் அறைகள், படிப்படியான இருக்கைகள், வெயில் மறைக்கும் கூரை, கழகத்தின் அறை எல்லாம் அதற்குள் அடங்கும். ஓட்டப் பதிவுப் புத்தகங்களும் கிண்ணங்களும் படங்களும் இருப்பதும் அங்கேதான். அதனால் பவிலியன் எரிந்தால் கழகத்தின் ஞாபகமும் எரிகிறது. லண்டன் லோர்ட்ஸ் மைதானத்துப் பவிலியன் 1825 ஜூலையில் எரிந்தபோது, ஆரம்பகாலக் கிரிக்கெட்டின் பதிவுகள் பெருமளவு அழிந்தன.

கொழும்பில் தமிழ் யூனியன் கழகம் தொடங்கியது 1899இல். சிவில் சேவை அதிகாரி பா. சரவணமுத்துவின் முயற்சியால் 1940களில் அதற்கு 'கொழும்பு ஓவல்' அமைந்தது. 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கே ஆடியது. இலங்கை அணியின் தலைவர் தமிழரான ம. சதாசிவம். 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யாரே இருந்தது என்பது அந்த ஆட்டத்தின் வேடிக்கை. 1977இல் மைதானத்துக்குச் சரவணமுத்துவின் பெயர் சூட்டப்பட்டது.

1982 பெப்ரவரி 17. இலங்கையின் முதலாவது டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக, இதே மைதானத்தில் தொடங்கியது. அதிலிருந்து 17 மாதங்களில் கறுப்பு ஜூலை வந்தது. நாடே பெருமைப்பட்ட மைதானத்தின் பவிலியன், தமிழர் கழகத்துடையது என்பதற்காக எரிக்கப்பட்டது. யாழ்ப்பாண நூலகம் எரிந்து அப்போது இரண்டே வருடம்.

கழகம் மைதானத்தைக் கைவிடவில்லை. 1985 செப்டெம்பர் 11இல் இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று இலங்கை தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். மறுநாள் அரசு விடுமுறை விட்டது. பின்னர் முத்தையா முரளிதரன் அந்தக் கழகத்துக்காக ஆடினார். ரங்கன ஹேரத்தும் ஆடினார். தமிழ் யூனியன் தமிழருக்கு மட்டுமான கழகமாக இருக்கவில்லை.

கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். எரிந்த படத்தையும் பதிவுப் புத்தகத்தையும் திரும்ப எடுக்க முடியாது. இது எங்களுக்குத் தெரிந்த பாடம். 1990 ஓகஸ்ட் 12இல் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர் சிதறியது. எங்கள் வீட்டில் அதற்கு முந்திய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வயலில் அன்று விளையாடியவர்கள் யார் யார் என்பதை வயது போனவர்களிடம் கேட்டால்தான் இப்போது தெரியும்.

அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயர்களையாவது ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் வைக்காமல், இரண்டு வீடுகளில் வையுங்கள்.