ஒரு கையில் விசில், மறு கையில் சில்லறை... உங்க கனவு வீடியோ கேம் எது?

உங்களுக்குப் பிடித்த மூன்று வீடியோ கேம்களின் பெயரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். 'அந்த மூணையும் கலந்து உங்களுக்குன்னே ஒரு கேம் செஞ்சு தர்றோம். எப்படி இருக்கணும்?' என்று கேட்டால்?

வீட்டில் டீன் ஏஜ் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். "ஜி.டி.ஏ மாதிரி பெரிய ஊர் வேணும். பப்ஜி மாதிரி சண்டை இருக்கணும். நடுவுல கிரிக்கெட் ஆடணும். போரடிச்சா கார் ரேஸ் போகணும். மைன்கிராஃப்ட் மாதிரி வீடு கட்டணும்" என்று அடுக்குவார்கள். கேட்க ஜோராக இருக்கும். பந்தியில் ஆசைப்பட்டதை எல்லாம் வாங்கி, சாம்பார் மேலேயே பாயசத்தையும் ஊற்றிக்கொண்டது மாதிரி. அதில் ஐந்து கேம் இருக்கிறதே தவிர, ஒரு கேம் இல்லை.

பெரிய நிறுவனங்களே இங்கே சறுக்கியிருக்கின்றன. அதே சமயம், தனி ஆளாக வீட்டில் உட்கார்ந்து இரண்டு மூன்று வகைகளைக் கலந்து உலகத்தையே ஆட வைத்தவர்களும் இருக்கிறார்கள். வித்தியாசம் எங்கே?

முதலில், 'ஜானர்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சினிமாவில் காதல், காமெடி, த்ரில்லர் என்று பிரிப்பது கதையை வைத்து. கேமில் பெரும்பாலும் நம் கை என்ன செய்கிறது என்பதை வைத்துப் பிரிப்பார்கள். குறி பார்த்துச் சுட்டால் ஷூட்டர். முடிச்சை அவிழ்த்தால் பஸில். படையையும் பணத்தையும் கணக்குப் போட்டு நகர்த்தினால் ஸ்ட்ராட்டஜி. ஒரு கதாபாத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தெடுத்தால் ஆர்.பி.ஜி. பாட்டின் தாளத்துக்குத் தட்டினால் ரிதம். செத்தால் முதலிலிருந்து, அதுவும் ஒவ்வொரு முறையும் மாறிப்போன பாதையில் தொடங்க வேண்டும் என்றால் ரோக்லைக். 1980-ல் வந்த 'ரோக்' என்ற கேமின் பெயரிலிருந்து வந்த வார்த்தை அது. ஆக, ஜானர்களைக் கலப்பது என்றால் இரண்டு விதமான கைவேலைகளைக் கலப்பது. அவை ஒன்றுக்கொன்று பேச வேண்டும்.

பேசாவிட்டால் என்ன ஆகும்?

2008-ல் 'ஸ்போர்' வந்தது. 'சிம்சிட்டி', 'தி சிம்ஸ்' கொடுத்த வில் ரைட்டின் கேம் என்பதால் எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். தண்ணீரில் நீந்தும் ஒற்றைச் செல்லாகத் தொடங்கி, விலங்காகி, கூட்டமாகி, நாகரிகமாகி, கடைசியில் விண்வெளிக்குப் போக வேண்டும். ஐந்து கட்டம், ஐந்து விதமான ஆட்டம். முதல் கட்டம் பேக்-மேன் மாதிரி தின்று தின்று வளர்வது, நாலாவது கட்டம் ஊர்களைப் பிடிக்கும் ஸ்ட்ராட்டஜி. யோசனை பிரமாண்டம். ஆனால், ஒவ்வொரு கட்டமும் அந்தந்த ஜானரின் எளிமையான மாதிரியாகவே இருந்தது என்பதுதான் பலருடைய குறை. முன்னால் ஆடியதன் பலன் பின்னால் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த கேமைப் பற்றிப் பேசுபவர்கள் நினைத்துச் சிரிப்பது, அதில் மூன்று கால், நாலு கண் வைத்துத் தாங்கள் உருவாக்கிய விநோத ஜந்துவைத்தான்!

அடுத்த வருடமே வந்த 'ப்ரூட்டல் லெஜெண்ட்' கதை இன்னொரு மாதிரி. முன்னோட்டமாகக் கொடுத்த டெமோவில் கோடரியும் கிட்டாருமாக அதிரடி ஆக்‌ஷன். வாங்கி ஆடியவர்களுக்குக் கொஞ்ச நேரம் கழித்து படையை நிர்வகிக்கும் ஸ்ட்ராட்டஜி ஆட்டம் வந்து நின்றது. 'நான் இதைக் கேட்கவே இல்லையே!' என்று பலர் முழித்தார்கள்.

தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர்

இப்போது ஒழுங்காகக் கலந்த கேமுக்கு வருவோம். 'ஸ்டார்டியூ வேலி' ஆடியிருக்கிறீர்களா? அமெரிக்காவின் எரிக் பரோன், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், தியேட்டரில் வேலை பார்த்துக்கொண்டே செய்த கேம். படம், இசை, கதை, கோடிங் என எல்லாமே அவர் ஒருவர்தான். கிட்டத்தட்ட நாலரை வருடம் ஆனது. 2016-ல் வெளியானது, 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. அவருக்கு முன்மாதிரி, 1996-ல் ஜப்பானில் வந்த 'ஹார்வெஸ்ட் மூன்'. அதைச் செய்த யசுஹிரோ வாடா, கிராமத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வந்தவர். சண்டையே இல்லாமல், ஊர் வாழ்க்கையை வைத்து ஒரு கேம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஸ்டார்டியூவில் விவசாயம் இருக்கிறது, மீன்பிடித்தல் இருக்கிறது, சுரங்கத்துக்குள் இறங்கி ஜந்துக்களோடு சண்டை இருக்கிறது, ஊர்க்காரர்களோடு பழகிக் கல்யாணம் வரை போகலாம். லிஸ்ட்டை மட்டும் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளை சொன்ன மாதிரியேதான் இருக்கிறது இல்லையா? பிறகு எப்படி இது மட்டும் ஒரே கேமாக நிற்கிறது?

ரகசியம், திரையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பட்டை. உங்கள் உடம்புத் தெம்பைக் காட்டும் பட்டை. மண் கொத்தினாலும், தண்ணீர் ஊற்றினாலும், தூண்டில் போட்டாலும், சுரங்கத்தில் பாறை உடைத்தாலும் அதே தெம்புதான் குறையும். அதோடு, காலை 6 மணிக்கு எழுந்தால் ராத்திரி 2 மணிக்குள் படுக்கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே மயங்கி விழ வேண்டியதுதான். 'இன்னிக்குத் தோட்டமா, சுரங்கமா?' என்று தினமும் காலையில் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்த விஷயம், ஒரு வேலையின் விளைச்சல் இன்னொரு வேலைக்குப் போகிறது. செடிக்குத் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் வேண்டும் என்றால் செம்பும் இரும்பும் வேண்டும், அதற்குச் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும். சுரங்கத்தில் அடிபட்டாலோ, தெம்பு போனாலோ, தோட்டத்தில் விளைந்ததைத் தின்று மீளலாம். மிச்சமானதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் நட்பு வளரும். வகைகள் நாலு, ஓடும் ரத்தம் ஒன்று.

இதைத் தெரிந்துகொண்டால் மற்ற வெற்றிகளும் சட்டென்று புரிந்துவிடும். 2023-ல் தென் கொரியாவிலிருந்து வந்த 'டேவ் தி டைவர்' கேமில் பகலில் கடலுக்குள் இறங்கி மீன் பிடிக்க வேண்டும், ராத்திரி சுஷி கடை நடத்த வேண்டும். கடலுக்குள் உங்கள் ஆக்சிஜன்தான் உங்கள் உயிர். சுறா கடித்தாலும் குறைவது அந்த ஆக்சிஜன்தான். சுமக்கும் எடைக்கும் அளவு உண்டு. 'இன்னும் ஒரே ஒரு மீன்' என்று ஆசைப்படுவது ராத்திரி கடை மெனுவை நினைத்து. கடை லாபத்தில் நல்ல கருவி வாங்கினால் மறுநாள் இன்னும் ஆழத்துக்குப் போகலாம். 2015-ல் வந்த 'ராக்கெட் லீக்' காரையும் கால்பந்தையும் கலந்தது. அதில் வேகமாக ஓடவும், காற்றில் எம்பிப் பந்தை அடிக்கவும் ஒரே பூஸ்ட்தான். அது மைதானத்தில் அங்கங்கே கிடக்கும். அதை எடுக்கப் போனால் உங்கள் கோல் காலி. சீட்டாட்டத்தின் போக்கரை ரோக்லைக்கோடு சேர்த்த 'பலாட்ரோ' 2024-ல் வந்தது. அதைச் செய்தவர் 'லோக்கல் தங்க்' என்ற புனைபெயரில் மறைந்திருக்கும் ஒரு கனடாக்காரர். நிஜக் காசு வைத்து ஆடும் சூதாட்டம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் நேரத்தைத் தின்னும், அதற்குப் பயப்படலாம்.

கதையோடு கலக்க நினைப்பவர்கள் அவசியம் ஆட வேண்டியது 'வெண்பா'. டொரன்டோவிலிருந்து 2023-ல் வந்த கேம், மறு வருடம் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேமுக்கான பரிசையும் வாங்கியது. 1980-களின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையும் சமையல் பஸிலும் அதில் கலந்திருக்கின்றன. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு அது ஈஸியாகத் தோன்றலாம். ஆனால், பஸில் எதைப் பற்றியது, கதை எதைப் பற்றியது என்று யோசித்தால் இரண்டும் ஒன்றுதான்: ஊர் விட்டுப் போனவர்களின் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கும் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கேம். நீளம் இல்லையே என்று யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, நாமே ஒன்று செய்வோமா?

ஒரு சாம்பிளுக்கு என் கனவு கேம். பெயர், 'டவுன் பஸ்'. டிக்கெட் மிஷின் வராத காலம். நீங்கள்தான் கண்டக்டர். கூட்டத்துக்குள் புகுந்து எல்லோருக்கும் டிக்கெட் போட்டு முடிப்பது பஸில். விசிலை டிரைவரின் ஓட்டத்துக்கும் படிக்கட்டுக் கூட்டத்துக்கும் தோதாக ஊதுவது ரிதம். தினமும் அதே பஸ்ஸில் வரும் பள்ளிக்கூடப் பையன், பூக்காரம்மா, தூங்கிக்கொண்டே வரும் செக்யூரிட்டி இவர்கள் கதை.

இதுவரைக்கும் வெறும் லிஸ்ட்தான். இந்த மூன்றுக்குள்ளும் ஓடும் ரத்தம் எது? சில்லறை!

காலையில் பையில் எண்ணி வைத்த காசோடு ஏறுகிறீர்கள். ஒவ்வொருவராகப் பெரிய நோட்டை நீட்டுகிறார்கள். சில்லறை தீர்ந்தால் டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்து, 'இறங்கும்போது வாங்கிக்கோங்க' என்று சொல்லலாம். ஆனால், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். விசிலை அவசரமாக ஊதினால் பாக்கி வாங்காமலே ஒருவர் இறங்கிப் போய்விடுவார், மறுநாள் சண்டைக்கு வருவார். தாமதமாக ஊதினால் அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடியாது, அந்த நேரம் பார்த்து செக்கிங் ஏறுவார். பூக்காரம்மாவிடம் காசு குறைகிறது. உங்கள் கையிலிருந்து போட்டால் அவர் கதை ஒரு படி நகரும். ஆனால், கணக்கு முடிக்கும்போது அந்தக் காசு உங்கள் சொந்தப் பாக்கெட்டிலிருந்து போகும். மறுநாள் அவரே ஒரு முடிச்சு சில்லறை கொண்டுவந்து உங்களைக் காப்பாற்றலாம், வராமலும் போகலாம்.

பார்த்தீர்களா, சில்லறை என்ற ஒன்றை வைத்ததும் மூன்று வகைகளும் தாமாகப் பேசத் தொடங்கிவிட்டன. துப்பாக்கி, ரேஸ் எதுவும் தேவைப்படவில்லை. சேர்த்தாலும் இதில் ஒட்டாது.

இப்போது உங்கள் முறை. பிடித்த கேமின் பெயரை எழுதாதீர்கள், அதில் எந்த நொடி பிடிக்கும் என்று எழுதுங்கள். 'பப்ஜி' என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. 'கடைசி வட்டம் சுருங்கும்போது புல்லுக்குள்ள மூச்சைப் பிடிச்சுட்டுப் படுத்திருக்கிற அந்த ரெண்டு நிமிஷம்' என்று எழுதினால், உங்களுக்குப் பிடித்தது சுடுவது அல்ல, ஒளிந்திருப்பது என்று தெரிந்துவிடும். 'கேண்டி கிரஷ்' ஆடும் அம்மாவிடம் கேளுங்கள். மிட்டாய் உடைவதைவிட, கலைந்து கிடப்பது ஒழுங்காவதுதான் பிடிக்கும் என்று அவர் சொல்லக்கூடும். ஒளிவதும் ஒழுங்காக்குவதும்... ராத்திரி யாரும் எழுந்துவிடாமல் கலைந்துகிடக்கும் வீட்டை அடுக்கிவைக்கும் குட்டிப் பேய்! கேம் ரெடி. சத்தம்தான் அதன் சில்லறை: ஒவ்வொரு பாத்திரத்தை நகர்த்தும்போதும் கொஞ்சம் செலவாகும், விடியும்வரை அது போதுமானதாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் 'எந்நேரமும் அந்த போனையே நோண்டிக்கிட்டு' என்று தொடங்கும் பேச்சுக்குப் பதிலாக இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அவன் எதற்காக அதில் உட்கார்ந்திருக்கிறான் என்று உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் அப்போதுதான் தெரியும். வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஆடக் கிடைப்பவர்களுக்கும் இது உதவும். ஆஃபரில் வாங்கிப் போட்டுத் திறக்காமலே கிடக்கும் கேம்களில் உங்களுக்கானது எது, வெறும் ஆசையில் வாங்கியது எது என்று பிரிந்துவிடும்.

யோசனை பிடித்துவிட்டால் உடனே லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். பழைய நோட்டுத் தாளும் புளியங்கொட்டையும் போதும். 'டவுன் பஸ்' என்றால், துண்டுச் சீட்டில் பயணிகளை எழுதிக் குலுக்கி வைத்துவிட்டு, நிஜமாகவே ஒரு கிண்ணத்தில் சில்லறை வையுங்கள். ஒருவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து நோட்டை நீட்ட வேண்டும், இன்னொருவர் கண்டக்டர். செல்போனில் ஒரு நிமிட டைமர். ஐந்து ரவுண்டு ஆடினாலே எங்கே போரடிக்கிறது, எங்கே கை பதறுகிறது என்று தெரிந்துவிடும். போரடித்த இடத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். சில்லறையைக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது போதும்.

அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச், கொஞ்சம் பெரியவர்களுக்கு கோடோ என்று இலவசமாகவே மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் முயற்சியில் பஸ் முழுக்க வேண்டாம். ஒரு ஸ்டாப், மூன்று பயணிகள், ஒரு கிண்ணம் சில்லறை. அது நன்றாக ஓடினால் இரண்டாவது ஸ்டாப்புக்கு விசில் ஊதலாம்.