மின்னணுத் தம்புராவின் ஒலியைக் கணிப்பொறியில் மீட்டல்

கச்சேரி மேடையில் பாடகரின் அருகே சிறு பெட்டியொன்று சுருதி கூட்டுவதைக் காணாதார் இலர். இம்மின்னணுப் பெட்டியின் வரலாறு பெங்களூரோடு நெருங்கிய தொடர்புடையது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்தவரும் புல்லாங்குழற் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண், 1970-களின் இறுதியில் அந்நகரில் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கி, மின்னணுச் சுருதிப் பெட்டியையும் தம்புராவையும் பரவச் செய்தார்.

முற்காலப் பெட்டிகள் பழுதுற்றால் உரிய உறுப்புகள் எளிதிற் கிடைப்பதில்லை. ஆயினும் அவற்றோடு பல்லாண்டு சாதகம் செய்த செவிகள் அவ்வொலியையே நாடும். அதனைக் கணிப்பொறியில் எழுப்புவது எங்ஙனம்?

ஒலிப்பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது எளிய வழி. ஆனால் பதிவின் வேகத்தைக் கூட்டிச் சுருதியை உயர்த்தினால், மீட்டின் காலம் குறைவதோடு நாதத்தின் இயல்பும் திரிந்துவிடும்.

கணக்கினால் ஒலியை ஆக்குவது மற்றொரு வழி. அமெரிக்காவில் கார்ப்பிளஸ், ஸ்ட்ராங் என்னும் இருவர் 1983-இல் வெளியிட்ட முறை வியக்கத்தக்க அளவு எளியது. வினாடிக்கு 44,100 எண்களால் ஒலியைக் குறிக்கும் கணிப்பொறியில், 300 எண்களை ஒழுங்கின்றி நிரப்பி வரிசையாக ஒலிக்கச் செய்து, ஒவ்வோர் எண்ணையும் அடுத்ததோடு சராசரி கண்டு மீண்டும் வரிசையில் இடவேண்டும். சராசரியால் நேரும் அரை எண் தாமதத்தைத் திருத்திவிட்டால், வினாடிக்கு 147 அதிர்வுகளுடைய தந்தியொலி எழுந்து மெல்லத் தேயும். இஃது ஏறக்குறைய இரண்டு கட்டைச் சுருதியாகும். பஞ்சமத் தந்திக்கு 400 எண்கள். மந்தர ஷட்ஜத்திற்கு 600.

எனினும் இவ்வொலியில் ஜீவாளியின் நாதம் இராது. தந்தியை மீட்டும் இடத்தில் கணு கொண்ட மேற்சுரங்கள் எழமாட்டா என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் விதி. தம்புரா இவ்விதிக்கு அடங்குவதில்லை என்பதைச் சி. வி. இராமன் 1921-இல், கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், எடுத்துரைத்தார். (பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக அவர் வந்தது 1933-இல்.) வளைந்த குதிரையின் பரப்பைத் தந்தி தொட்டும் விலகியும் அதிர்வதால் மேற்சுரங்கள் ஓயாது புத்துயிர் பெறுகின்றன. கணிப்பொறியும் இத்தொடுகையைக் கணக்கிட வேண்டும். பழைய பெட்டியை நகல் செய்வோர் இதில் அளவு மீறலாகாது; தம்புராவைச் செய்துவிட்டால் அது பெட்டியன்று!

இனி, பலர் கவனியாத ஒன்று உண்டு. இசை மென்பொருள்களிற் பெரும்பாலானவை மேனாட்டுச் சமப் பங்கீட்டுச் சுரங்களோடு அமைந்தவை. அவற்றில் பஞ்சமம் ஷட்ஜத்தின் ஒன்றரை மடங்கன்று, 1.4983 மடங்கு. மேற்கூறிய சுருதியில் ஷட்ஜத்தின் மூன்றாம் மேற்சுரம் 441 அதிர்வுகளாயிருக்க, மந்தர பஞ்சமத்தின் நான்காவது சுமார் 440.5 ஆகும். இதனால் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒலி ஏறியிறங்கும். ஆசிரியர்கள் வகுப்பில் இதனைக் கேட்கச் செய்து, பின்னர்ப் பஞ்சமத்தை அரைச் சுரத்தில் நூற்றில் இரண்டு பங்கு உயர்த்தினால், அவ்வலைவு அடங்குவதை மாணவர் தாமே உணர்வர்.