பழைய காரில் பெட்ரோல் வாடை



1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் நம் நாட்டில் முதல் புரோட்டோன் சாகா கார் அறிமுகமாயிற்று. அந்தக் காலத்துச் சாகா கார்களைப் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களிலும், கிள்ளான் பக்கத்துத் தாமான்களிலும் நாம் இன்றும் காண்கிறோம். இத்தகைய பழைய கார்களில் அடிக்கடி எழும் குறை, பெட்ரோல் வாடை. “பழைய கார் என்றால் அப்படித்தான்” என்று கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறோம். அல்லது வாசனைப் புட்டி ஒன்றை வாங்கித் தொங்கவிடுகிறோம். இரண்டும் தவறு.

ஏன் தவறு? பெட்ரோலில் தீப்பற்றுவது திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே. சுழிக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகும் என்றால், நம் ஊர் வெயிலில் சொல்லவா வேண்டும்? இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே மேலே கலைந்து போகாமல் தரையோடு தேங்கும். அடுக்குமாடி வீடுகளின் நிலவறை நிறுத்துமிடங்களில் இது பெரிய ஆபத்து. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே, ஒரு சிறு பொறி போதும். மேலும், பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது. பின்னிருக்கையில் குழந்தைகளை அமர்த்திக்கொண்டு இதைச் சுவாசிப்பது தகுமா?

நல்ல வேளையாக, இதைவிட எத்தனையோ மடங்கு குறைந்த அளவிலேயே நம் மூக்கு எச்சரித்துவிடுகிறது. ஆனால் மூக்கு விரைவில் பழகிப்போகும். எனவே வாடை நின்றுவிட்டதாக நமக்குத் தோன்றினாலும், வெளியிலிருந்து வரும் ஒருவரை முகரச் சொல்லிக் கேட்பது நல்லது.

கசிவைக் கண்டுபிடிக்க, முதலில் ஸ்பானரைத் தேட வேண்டாம். “வாடை எப்போது அடிக்கிறது?” என்று கேட்போம். விடையிலேயே இடம் தெரிந்துவிடும்.

பெட்ரோல் நிலையத்தில் டாங்கியை நிரப்பிய பிறகு மட்டும் வாடை வருகிறதா? அப்படியானால் கோளாறு பின்புறத்தில். மூடியின் ரப்பர் வளையம், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டாங்கிக்குச் செல்லும் ரப்பர்க் குழாய், டாங்கியின் மேலுள்ள அளவுக் கருவியின் வாஷர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது முன்புறத்தில் வாடை வந்தால், பெட்ரோல் பம்பு, வடிகட்டி, அவற்றை இணைக்கும் ரப்பர்க் குழாய்கள், கிளிப்புகள் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். பழைய பம்பின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால், பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் இறங்கும். எண்ணெய் அளவுக் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு கூடியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் அந்தக் காரை ஓட்டக் கூடாது.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து, காரை நிறுத்திய பின் வாடை வருகிறதா? எஞ்சின் சூட்டில் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிறது. சிறிது நேர வாடை பழைய கார்புரேட்டருக்கு இயல்பே. வெளிப்புறம் நனைந்திருந்தால் அது இயல்பன்று; மிதவை ஊசி தேய்ந்து, கிண்ணம் நிரம்பி வழிகிறது.

ஓடும்போது மட்டும் காருக்குள் வாடை வந்தால், பின்பெட்டிக் கதவின் ரப்பர் கெட்டு, புகைக் குழாயின் புகை உள்ளே இழுக்கப்படலாம். அதனோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. அது உயிரையே பறிக்கும்.

சோதிக்கும் முறை எளிது. காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சின் முற்றும் ஆறிய பின், பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். டார்ச் விளக்கு மட்டும் போதும். சிகரெட்டும் லைட்டரும் அருகில் வரக் கூடாது. இணைப்பு ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளால் துடைத்து முகருங்கள். பெட்ரோல் காய்ந்த இடத்தில் பழுப்புக் கறை தெரியும். ரப்பர்க் குழாயைச் சற்றே வளைத்தால் வெடிப்புகள் வாய் திறக்கும்.

வெடித்த குழாய்க்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயை மாட்டாதீர்கள். பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்டது வேண்டும். கார்புரேட்டர் காரில் பெட்ரோலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து இராத்தல். பிற்கால இன்ஜெக்‌ஷன் கார்களில் ஏறத்தாழ நாற்பது. அவற்றுக்கு அதற்குரிய கனத்த குழாயே தாங்கும். டேப்பும் சோப்பும் ஓரிரு நாள் ஏமாற்று வேலை. ஓட்டை விழுந்த டாங்கியைக் காலியாகத்தானே இருக்கிறது என்று பற்றவைக்கக் கொடுப்பது இன்னும் ஆபத்து. காலி டாங்கி முழுவதும் ஆவிதான் நிறைந்திருக்கும்.

பெட்ரோல் சொட்டுவதைக் கண்டால் எஞ்சினை முடுக்க வேண்டாம்; மெக்கானிக்கைக் காரிருக்கும் இடத்துக்கே வரவழையுங்கள். பானெட்டிலிருந்து புகை வந்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் இறங்கி விலகி நின்று, 999-ஐ அழையுங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள், காற்றுப் புகுந்தால் தீ மூண்டெழும்.

ஒரு சாண் ரப்பர்க் குழாயின் விலை சில வெள்ளிதான். வாடை எழுந்த அன்றே அதை மாற்றிவிட்டால், காரும் பிழைக்கும், காரில் செல்வோரும் பிழைப்பர்.