தெளிவான படமா, உண்மையான படமா?

புதுக்கோட்டை மண் ஈன்ற மாதரசி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரில் பிறந்த உறுதியே 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. இன்று நம் நாட்டுப் பெண்டிரிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றே. அதனை முளையிலேயே காண உதவும் புதிய கருவியொன்றைப் பற்றி நாம் சற்றே சிந்திப்போம்.

வழக்கமான மேமோகிராம் சோதனையில் மார்பகத்தை இரு தகடுகளுக்கிடையே அழுத்தி எக்ஸ்ரே எடுப்பர். வலிக்கும் அஞ்சி, நாணத்தாலும் தயங்கி, சோதனையைத் தள்ளிப்போடும் தாய்மார் பலர். அன்றியும், திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தோன்றுவதால் கட்டி மறைந்துவிடுவதும் உண்டு.

மார்பக சி.டி. கருவியிலோ அழுத்துதல் இல்லை. பெண் குப்புறப் படுத்திருக்க, கருவி ஏறத்தாழப் பத்து நொடிகளில் மார்பகத்தைச் சுற்றிவந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. நோயறியும் பயனுக்காக 2015இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது.

ஆயின் அப்படங்கள் வெறும் நிழல்களே. அவற்றிலிருந்து உள்ளுருவத்தை மீட்பது கணிதத்தின் பணி. நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உருவம் மங்கலாகவே கிடைக்கும். பரப்புமுன் ஒவ்வொரு நிழலையும் வடிகட்டிக் கூர்மையாக்கும் எளிய வழியை 1971இல் வகுத்துத் தந்தவர்கள் நம் நாட்டறிஞர்களான ஜி. என். இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் ஆவர். முன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராய் விளங்கியவர். இருவர் பெயரையும் இணைத்து அவ்வடிகட்டியை 'ராம்-லக்' என்றே உலகம் இன்றும் வழங்குகிறது.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. உடலுக்குத் தீங்கு நேராதிருக்க, மொத்தக் கதிரின் அளவு மேமோகிராமை ஒட்டியே இருத்தல் வேண்டும். அதனை நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பமே. ஆகவே படத்தில் புள்ளிப் புள்ளியாய் இரைச்சல் மிகும். கூர்மையாக்கும் வடிகட்டி அவ்விரைச்சலையும் பெருக்கிவிடும். இதனைத் தவிர்க்க வேறொரு முறையும் உண்டு. முதலில் உருவத்தை ஊகிப்பது. அவ்வூக உருவம் தரக்கூடிய நிழலை உண்மை நிழலோடு ஒப்பிடுவது. பிழையைத் திருத்தி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்வது. இரைச்சல் குறைந்த படம் கிடைக்கும்.

அழகிய படமே சிறந்த படமாகுமா? முறத்தில் அரிசியை அளவுக்குமீறிப் புடைத்தால் உமியோடு நொய்யும் பறந்துபோகும் என்பதை நம் தாய்மார் அறிவர். அங்ஙனமே, மிகையாய் மெருகிட்ட படத்தில், புற்றின் முதல் அடையாளமாகக்கூடிய மணலினும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் மறைந்துவிடலாம்.

ஆகையால் ஆய்வாளர் கண்ணழகை நம்புவதில்லை. அளவு தெரிந்த துகள்களையும் கட்டிகளையும் பொதிந்த மாதிரி உருவைப் படமெடுத்து, பல முறைகளிலும் மீட்டு, எது எம்முறை என்று கூறாமலே மருத்துவரிடம் காட்டுவர். கண்டவை எத்தனை, தவறவிட்டவை எத்தனை, இல்லாததை உண்டென்றவை எத்தனை எனக் கணக்கிடுவர். கட்டியை நன்கு காட்டும் முறை துகளைக் காட்டாதுபோகலாம். எனவே இரண்டுக்கும் தனித்தனியே தேர்வு வைத்தல் இன்றியமையாதது.

அன்புத் தாய்மார்களே! எத்துணைச் சிறந்த கருவியாயினும், தன்னிடம் வந்தவரையே அது காக்கும். தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையென வாளாவிருத்தல் வேண்டா. மாற்றம் கண்டதும் மருத்துவரை நாடுங்கள். கணவன்மாரும் பிள்ளைகளும் அவர்தம் நாணத்தைப் போக்கி உடன் அழைத்துச் செல்லக் கடமைப்பட்டவர்கள்.